சாம்பலை முதலில் அள்ளுங்கள்!

டிசம்பர் பிறந்தால் பெங்களூரில் நமக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, நெருப்பு மூட்டியே ஆக வேண்டும். 1884-ஆம் வருடம் ஜனவரி 13 அன்று இந்த ஊரில் 7.8 டிகிரி பதிவானது, இன்று வரை அதுதான் சாதனை. இப்போது 15, 16 டிகிரிக்கே நாம் மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக் குளிர்காய உட்கார்ந்துவிடுகிறோம். ஃபயர் பிட் என்று கடையில் விற்பதை நம் ஆட்கள் கணப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நானும் இங்கே இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதுவேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான், அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: இரண்டு வருடத்துக்கு முன் இரும்பு ஃபயர் பிட் வாங்கினோம், கால் வைத்த பெரிய வாணலி மாதிரி இருக்கும். டிசம்பர், ஜனவரியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு மூட்டுவோம், மற்ற மாதங்களில் மாடி மூலையில் கிடக்கும். இந்த வருடம் எடுத்துப் பார்த்தால் அடியில் எட்டணா அளவுக்கு ஓட்டை. சூடு தாங்காமல் ஓட்டை விழுந்துவிட்டதா? எப்படிச் சுத்தம் செய்து பராமரிப்பது? (ஜே.பி. நகர் வாசகி)

ப: நெருப்பின் மேல் பழியைப் போடாதீர்கள் அம்மா. ஜனவரி கடைசியில் அணைத்தீர்களே, அன்றைக்குச் சாம்பலை அள்ளினீர்களா? அள்ளியிருக்க மாட்டீர்கள். ஏப்ரலில் மாஞ்சாரல் பெய்திருக்கும், மே மாதம் இடி மழை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கேட்கவே வேண்டாம். சாம்பல் சும்மா கிடக்கும் தூள் கிடையாது, ஈரத்தைக் குடித்து விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் உள்ள உப்புகளும் கூடச் சேர்ந்துகொள்ளும். வருடத்தில் எட்டு மாதம் உங்கள் வாணலிக்கு அடியில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு வைத்த மாதிரிதான். நான் பார்த்த இரும்புக் கணப்புகளில் நெருப்பால் வீணானது அபூர்வம், மழையில் ஊறி வீணானதுதான் எல்லாம்.

தோசைக்கல்லை என்ன செய்வீர்கள்? சுட்டு முடித்ததும் துடைத்து, எண்ணெய் பூசி, ஈரம் படாத இடத்தில் வைப்பீர்கள். இதுவும் பெரிய தோசைக்கல்தான், வெளியில் கிடப்பதால் கவனம் கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவே.

முதல் வேலை சாம்பல். ஆனால் அவசரப்படக் கூடாது, மேலே வெள்ளையாக ஆறிக் கிடப்பது போர்வைதான், உள்ளே கங்கு தூங்கிக்கொண்டிருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் வீட்டுத் தேங்காய்நார் மிதியடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, முந்தின ராத்திரிச் சாம்பலை, கையை மேலே நீட்டிப் பார்த்துவிட்டு, சூடே இல்லையே என்று கோணிப்பையில் கொட்டி வாசலில் சாய்த்து வைத்தேன். பதினோரு மணிக்கு ஏதோ முடி கருகுகிற வாடை. வெளியே வந்தால் பையின் அடியில் இரண்டு கை அகலத்துக்குக் கறுத்து, மிதியடி ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது, ஒரு பொட்டுத் தீ நாக்கு கூட இல்லை. அன்றிலிருந்து ஒரு முழு நாள் விடாமல் அள்ளுவதில்லை. குச்சியால் அடி வரை கிளறிவிட்டு, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். அள்ளுவதும் மூடி உள்ள இரும்பு வாளியில்தான், பழைய பெயின்ட் டப்பா இருந்தால் அதுவே போதும். பிளாஸ்டிக் பக்கெட், குப்பைக் கவர், அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம். வாக்குவம் கிளீனரைக் கொண்டு வந்துவிடாதீர்கள், நைசான சாம்பல் அதன் ஃபில்டரை அடைத்துவிடும், ஒரு கங்கு உள்ளே போனால் மிஷினே பற்றிக்கொள்ளும். மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றடிக்காத நேரமாகப் பார்த்து அள்ளுங்கள், பக்கத்து மாடியில் வடாம் காய்கிறதா என்றும் ஒரு பார்வை.

அடுத்து உள்பக்கத்துக் கரி. பழைய தோசைத்திருப்பியால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலே முக்கால்வாசி வந்துவிடும். பிசுக்காக ஒட்டியிருக்கும் இடத்தில் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள். பளபளக்க வைக்க வேண்டும் என்று பாடுபடாதீர்கள், அடுத்த சனிக்கிழமையே கறுத்துவிடும். துருவை மட்டும் விடக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிடிவாதமான இடத்தில் வினிகர் தொட்ட துணியை ஒட்டி வையுங்கள், வினிகர் இல்லையென்றால் கெட்டியான புளிக்கரைசலும் அதே வேலையைச் செய்யும், நேரம்தான் கொஞ்சம் கூட எடுக்கும். பிறகு கழுவி, துடைத்து, அதிலேயே நாலு சுள்ளியைப் போட்டு ஒரு சின்னத் தீ. கழுவின இரும்பைக் காற்றிலேயே காயட்டும் என்று விட்டீர்களானால், எடுத்த துரு சாயங்காலத்துக்குள் திரும்ப வந்து நிற்கும்.

பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும். விறகுத் தணலில் 600 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும், உள்ளே எதை அடித்தாலும் உரிந்துவிடும். சாதாரண எனாமல் வெளியிலும் நிற்காது, பொரிந்து நாறும். பைக் சைலன்சருக்கு அடிக்கிறார்களே கறுப்பு ஸ்ப்ரே, அந்த ரகம்தான் வேண்டும், எஸ்.பி. ரோடு பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், 600 டிகிரியாவது தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அடித்த பிறகு முதல் இரண்டு தடவை சின்னத் தீயாக மூட்டினால்தான் பெயின்ட் இறுகும், அப்போது கொஞ்சம் வாடை வரும், பயப்பட வேண்டாம். உள்பக்கத்துக்குச் சீசன் முடிந்ததும் துணியில் தொட்டு லேசாகச் சமையல் எண்ணெய், போதும். அதிகம் பூசினால் அடுத்த முறை மூட்டும்போது வடை சுடுகிறீர்களோ என்று கீழ்வீட்டில் கேட்பார்கள்.

ஓட்டை விஷயத்துக்கு வருவோம். சுத்தியலால் அடிப்பக்கத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் தகடு இருக்கிறது, வெல்டிங் பட்டறையில் ஒரு துண்டு வைத்து ஒட்டித் தருவார்கள். சொத் சொத் என்றால் காயலான் கடைதான். ஒட்டக் கொடுக்கும்போதே அடியில் சின்னதாக நாலு துளையும் போட்டுத் தரச் சொல்லுங்கள், தண்ணீர் தேங்காது. ஆனால் அந்தத் துளை வழியாகக் கங்கும் விழும், அதனால் கீழே செங்கல் பரப்பி அதன் மேல் ஒரு இரும்புத் தட்டு வைத்தே ஆக வேண்டும். மாடித் தளத்துக்கு அடித்திருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் சூட்டில் இளகினால் அடுத்த மழையில் ஒழுகுவது உங்கள் படுக்கையறை. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, தகரக்கூரைப் பந்தல் எல்லாவற்றிலிருந்தும் பத்தடி தள்ளியே வையுங்கள்.

சீசன் முடிந்ததும் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டி வைப்பது பெரும்பாலோர் செய்கிற தப்பு, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு அங்கேயே வேர்த்துக்கொண்டிருக்கும். காய்ந்த பிறகு கவிழ்த்துப் போடுங்கள், இரண்டு செங்கல் மேல் கொஞ்சம் சாய்வாக. நம் பாட்டிமார் உரலை மழைக்காலத்தில் எப்படிக் கவிழ்த்தார்களோ அப்படி.

கே: எங்களுடையது துருப்பிடித்த மாதிரியே செய்து விற்கிற வகை. அதையும் தேய்க்க வேண்டுமா? தம்பி வீட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அது நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறிவிட்டது. (பாணஸ்வாடி வாசகர்)

ப: உங்களுடையது கார்ட்டென் ஸ்டீல். அந்தத் துருதான் அதற்குச் சட்டை, தேய்த்து உரித்துவிடாதீர்கள் சார். சாம்பலை அள்ளுவதோடு சரி. முதல் சில மழைக்கு அதிலிருந்து காவி நிறத் தண்ணீர் வடிந்து தரை ஓட்டைக் கறையாக்கும், அதற்குக் கீழே தட்டு வையுங்கள். தம்பியின் ஸ்டீல் நிறம் மாறியது சூட்டினால், கெட்டுப்போகவில்லை. இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டி அதுவே துருப்பிடிக்கும், பச்சை ஸ்கிரப்பர் போதும். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம்.

கே: ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுவோம். பாதுகாப்புதானே? போன வாரம் "டப்" என்று ஒரு சத்தம், வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் விரிசல். (சர்ஜாபூர் சாலை வாசகர்)

ப: காய்ந்த வாணலியில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள், வேறென்ன ஆகும்? வார்ப்பிரும்பு வளையாது, உடையும். தகடாக இருந்தால் நெளிந்திருக்கும். ஊற்றினவர் முகத்தில் ஆவியும் சாம்பலும் அடித்திருந்தால் கதையே வேறு. படுக்கப் போகும் நேரத்தைப் பத்து மணி என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணிக்கே விறகு போடுவதை நிறுத்துங்கள். கடைசியில் கட்டையைப் பிரித்துத் தணலைப் பரப்பிவிட்டால் சீக்கிரம் தணியும், அப்புறம் கம்பி வலை மூடி போட்டு, தணல் கறுக்கும் வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். காற்று எழுந்து பொறி பறக்கிற மாதிரி ஆகிவிட்டால் மணலைப் போட்டு மூடுங்கள், ஒரு வாளி மணல் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். தண்ணீரும் இருக்கட்டும், அது நெருப்பு பிட்டை விட்டு வெளியே போனால்தான். அந்த நேரத்தில் பாத்திரம் உடைகிறதா என்று பார்க்காதீர்கள், ஊற்றுங்கள். விரிசல் விட்டதை ஒட்ட வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வார்ப்பிரும்பு வெல்டிங் எல்லோருக்கும் வருகிற வேலை இல்லை. மண் நிரப்பிச் செடி வையுங்கள்.

கே: தோட்டத்தில் நாங்களே வட்டமாகக் கிரானைட் துண்டுகளை அடுக்கிக் கட்டினோம், வீடு கட்டினபோது மிஞ்சினது. மூட்டும்போது கல் சில்லு சில்லாகத் தெறிக்கிறது, ஒரு சில்லு மருமகன் கையில் பட்டுவிட்டது. கரி படிந்ததையும் எடுக்க முடியவில்லை. (வைட்ஃபீல்டு வாசகர்)

ப: கரி இருக்கட்டும், முதலில் அந்தக் கல்லில் மூட்டுவதை நிறுத்துங்கள். லால்பாக்கில் அந்தப் பாறை மேல் ஏறி நின்றிருப்பீர்கள், சுமார் 300 கோடி வருடமாக வெயிலையும் மழையையும் பார்த்தபடி கிடக்கிறது, அதனால் கல் எதையும் தாங்கும் என்று நமக்கு ஒரு நினைப்பு. ஆனால் கிரானைட்டில் குவார்ட்ஸ் நிறைய உண்டு, 573 டிகிரி வந்ததும் அது சட்டென்று விரியும், கூட இருக்கும் மற்ற கனிமங்கள் அதே அளவுக்கு விரியாது. பிறகு தெறிக்காமல் என்ன செய்யும்? கல்லுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் அது ஆவியாகித் தனியாக ஒரு பக்கம் தள்ளும். ஆற்றங்கரைக் கூழாங்கல்லை அழகுக்காக உள்ளே போடுகிறார்கள் சிலர், அது இதைவிட மோசம்.

கிரானைட்டை வெளிவட்டமாகவே வைத்துக்கொண்டு உள்ளே ஃபயர் பிரிக் என்கிற சூடு தாங்கும் செங்கல்லில் இன்னொரு வட்டம் கட்டுங்கள், இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இணைப்புக்குச் சிமென்ட் கூடாது, ஃபயர் கிளே தனியாக விற்கிறார்கள். அடியில் ஒரு சாண் ஆழம் தோண்டி ஜல்லி போட்டால் தண்ணீர் இறங்கும், ஜல்லியும் கிரானைட்தான் என்பதால் அதன் மேல் மணலும் ஃபயர் பிரிக்கும் படுக்க வைத்து மறைத்துவிடுங்கள். கட்டினதும் அன்றைக்கே விருந்து வைக்காமல் ஒரு வாரம் காயவிட்டு, முதல் நாலைந்து தடவை சின்னதாக மூட்டிப் பழக்குங்கள்.

வெளிக்கல்லில் உள்ள கரிக்கு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் தேய்த்தால் போகும். பாத்ரூம் ஆசிட்டை ஊற்றலாம் என்று மேஸ்திரி சொல்லுவார், ஊற்றினால் சிமென்ட் இணைப்பு அரித்துப் போகும். கழுவினால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் காட்டாமல் மூட்ட வேண்டாம். மருமகன் கண்ணில் படாமல் கையில் பட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

கே: பழைய வாஷிங் மெஷின் ட்ரம்மில் அருமையாக எரிகிறது என்று வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா அண்ணா? (கோரமங்களா, பேச்சிலர் அறை)

ப: செய்யலாம் தம்பி, சுற்றிலும் துளை இருப்பதால் காற்று நன்றாகக் கிடைக்கும், எரிவது உண்மையிலேயே அழகுதான். ஆனால் ட்ரம்மை அப்படியே நெருப்பில் வைக்காதே. உள்ளே துணியைப் புரட்டுகிற பிளாஸ்டிக் துடுப்புகள், டாப் லோடாக இருந்தால் மேல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையம், இதெல்லாம் கழற்ற வேண்டும். பின்பக்கம் மூன்று கை மாதிரி இருப்பது பெரும்பாலும் அலுமினியம், 660 டிகிரியில் உருகிவிடும், அதையும் கழற்று. ஸ்டீல் ட்ரம்தானா என்று பார்த்துக்கொள். ஜிங்க் பூசின தகர ட்ரம், வாளி எதிலும் மூட்டக் கூடாது, அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பை முறித்துப் போடும். துளை அதிகம் என்பதால் பொறியும் அதிகம் வரும், நைலான் ஜெர்ஸி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காராதே. சுத்தம் செய்வதில் ஒரே வேலைதான், துளைகளில் கரி அடைத்தால் ஆணியால் குத்திவிடு. சரி, வீட்டு ஓனரிடம் கேட்டாயா?

கே: நாங்கள் மூட்டினாலே மேல்மாடிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். புகை அவ்வளவு வருகிறது. விறகுக்கு மரக்கடையில் பிளைவுட் கழிவு சும்மாவே தருகிறார்கள், கூடவே காய்ந்த இலையும் போடுவோம். (ஹெப்பாள் வாசகி)

ப: மேல்மாடிக்காரர்கள் பக்கம்தான் நான் இருக்கிறேன், மன்னியுங்கள். பிளைவுட்டில் பசை, எம்.டி.எஃப். என்கிற மரத்தூள் பலகையில் பசை, பழைய கதவில் பெயின்ட், பெட்டிக்கட்டையில் பூச்சி மருந்து. அதன் புகை நெஞ்சுக்கும் கெடுதல், பிட்டின் உள்பக்கத்தில் படியும் பிசுக்கும் அதனால்தான், மாதம் முழுக்கத் தேய்த்தாலும் போகாது. இலையும் குப்பையும் எரிப்பது தனிக் கதை, 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் என்றால் 25,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறது. கணப்பு குப்பைத்தொட்டி இல்லை.

நல்ல காய்ந்த சவுக்கு, சில்வர் ஓக், தைலமரம், இவற்றில் எது கிடைத்தாலும் சரி. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் புகையாமல் எரியும், அதை அளக்க மீட்டர் வாங்க வேண்டாம், இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் டக் என்று கேட்க வேண்டும், வெட்டுவாயில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், தூக்கினால் பார்த்ததைவிட எடை குறைவாகத் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் வாங்கினதைப் படிக்கட்டுக்கு அடியில் காற்றோட்டமாக அடுக்கிவிட்டால் அடுத்த குளிருக்குத் தயார். கொட்டாங்கச்சி பற்றவைக்கப் பிரமாதம், அதையே மொத்தமாகப் போட்டால் கரும்புகை கட்டும். இன்னொன்று, பிட்டில் பழைய சாம்பல் நிறைந்திருந்தால் அடியிலிருந்து காற்று வராது, பாதிப் புகை அதனால்கூட இருக்கலாம்.

கே: சாம்பலை ரோஜா, கறிவேப்பிலைத் தொட்டியில் போடலாமா? எங்கள் ஊரில் அடுப்புச் சாம்பலைச் செடிக்குத்தான் போடுவோம். (அல்சூர், 71 வயது வாசகி)

ப: போடலாம் அம்மா, சுத்தமான விறகுச் சாம்பலாக இருந்தால். பொட்டாசியமும் கால்சியமும் உண்டு, தழைச்சத்து மட்டும் கிடையாது, அது நெருப்பிலேயே போய்விடும். ஆனால் உங்கள் ஊர் மண்ணும் தண்ணீரும் வேறு. இங்கே பல வீடுகளில் ஊற்றுவது போர்வெல் தண்ணீர், அதுவே காரத்தன்மையோடு வருகிறது, அதன் மேல் சாம்பலையும் அள்ளிப் போட்டால் இலை மஞ்சளாகிவிடும். பெரிய தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதுவும் குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை, மண்ணோடு கிளறிவிடுங்கள். இட்லிப்பூச் செடிக்கு வேண்டவே வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் சேர்த்துப் போடக் கூடாது, அமோனியா கிளம்பி உரம் காற்றில் போய்விடும். மிச்சத்தை உலர்வாக டப்பாவில் மூடி வைத்தால் நத்தை வருகிற இடத்தில் வட்டமாகத் தூவலாம், மழை பெய்கிற வரை வேலை செய்யும்.

கே: அணைத்த பிறகு மிஞ்சும் தணலைச் சட்டியில் எடுத்துப் படுக்கையறையில் வைத்துக்கொண்டால் கதகதப்பாக இருக்குமே? (யஷ்வந்த்பூர் வாசகர்)

ப: வேண்டாம். புகை வராவிட்டாலும் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன் என்பதெல்லாம் நடக்காத கதை. கம்பளி வாங்குங்கள்.

கே: ஃபயர் பிட் சாம்பலைப் போட்டுப் பாத்திரம் தேய்த்தேன். அம்மாவின் பித்தளைக் குடம் பளபளவென்று ஆகிவிட்டது, அந்த உற்சாகத்தில் அலுமினிய இட்லிக் குண்டானையும் ராத்திரி முழுக்கச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்தேன். கறுத்துவிட்டது, கையும் எரிகிறது. (மல்லேஸ்வரம், கல்லூரி மாணவன்)

ப: பித்தளைக்குப் புளியும் சாம்பலும் காலங்காலமாகப் போடுவதுதான், அதில் உன்னைப் பாராட்டுகிறேன். அலுமினியத்துக்குக் காரம் ஆகாது, சாம்பல் தண்ணீர் அதை அரித்துவிடும், நான்-ஸ்டிக் பாத்திரத்தையும் அது கீறி வைக்கும். கையை நிறையத் தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவு, அடுத்த முறை கிளவுஸ் போட்டுக்கொள். குண்டானில் தண்ணீர் நிரப்பி நாலு எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் கறுப்பு ஓரளவு போகும். நாளைக்கு உங்கள் வீட்டில் இட்லியா தோசையா என்று முதலில் விசாரித்துக்கொண்டு ஆரம்பி.